சந்தனம் பூசிய அட்டைகள்

எங்கள் வகுப்பறையில் சும்மா நிற்பதற்கு இடம் கிடையாது. தரையில் நீல நாடா ஒட்டி, இது வேலை செய்கிற இடம், இது விளையாடுகிற இடம், இது சாப்பிடுகிற இடம் என்று டீச்சர் பிரித்து வைத்திருக்கிறார். பீரோக்களைத் திருப்பிப் போட்டு நடுவில் தடுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரைப் பார்த்த மாதிரி ஒரு மேசை. கொடைக்கானலில் ஏரி தெரிகிற ஜன்னல் என்றால் ஓட்டல்காரன் வாடகையைக் கூட்டுவான். எங்கள் அறையில் ஏரி தெரிகிற ஜன்னலில் பாதி உயரத்துக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார். நான்தான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, "இம்புட்டு அழகையும் மறைச்சுட்டா அந்தப் புள்ளைக என்னத்தப் பாக்கும்?" என்று கேட்டேன்.

"செய்யுற வேலையப் பாக்கும்க்கா" என்றார்.

என்னை அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். எனக்குக் கொடுத்தது ஆயா வேலைதான். ஆனால் ஆயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன். இந்த ஊரில் பெரிய பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்களில் வேலை பார்த்தவள் நான். நான் விரித்த படுக்கையில் சுருக்கம் கண்டேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைத்ததில்லை. இதையும் நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி வந்தால் போதும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளியில் அந்த வகுப்பைத் தொடங்கியது ஜூன் மாதம். மலை ஏறி வந்த மழை விடாமல் அடித்த நேரம். டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அட்டை வெட்டினார். சாப்பாட்டுத் தட்டு, கை கழுவுகிற குழாய், ஊஞ்சல், வேன் என்று எல்லாவற்றையும் போட்டோ பிடித்து அட்டையில் ஒட்டினார். செருப்பில் கரகரவென்று பிரியுமே ஒரு நாடா, அதைப் பின்பக்கம் தைத்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராகச் சுவரில் ஒரு நீளப் பட்டை. அதில் மேலிருந்து கீழாக அன்றைய நாள் முழுக்க வரிசையாக ஒட்டியிருக்கும். பிள்ளை வந்து மேல் அட்டையைப் பிய்த்து எடுக்கவேண்டும். அதில் உள்ள இடத்துக்குப் போகவேண்டும். அங்கே அதே படம் இருக்கும், அதோடு சேர்த்து ஒட்டிவிட்டு வேலையைச் செய்யவேண்டும். முடிந்ததும் திரும்பி வந்து அடுத்த அட்டை. மேசையில் வேலையும் அப்படித்தான். இடப்பக்கக் கூடையிலிருந்து எடுப்பது, செய்வது, வலப்பக்கக் கூடையில் போடுவது. இடது கூடை காலியானால் வேலை முடிந்தது. யாரும் வாயைத் திறந்து சொல்லவேண்டியதில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பேசிப் பேசிப் பிள்ளை வளர்த்தவள். வா ராசா, உட்காரு தங்கம், அந்தா குரங்கு பாரு என்று என் வாய் தன்னால் ஓடும். டீச்சர் என் கையை மெல்லத் தொடுவார். "அக்கா, ஒரு வார்த்த போதும். நீங்க பேசப் பேச அதுக்கு இரைச்சலா இருக்கும். எத எடுக்க, எத விடன்னு தெரியாது."

"என் பேச்சு இரைச்சலா?"

"என் பேச்சும்தான்க்கா."

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு சேர்ந்து டீ குடிக்கவில்லை.

அப்புறம்தான் போளூர்ப் பிள்ளை வந்தாள். பதினொரு வயசு. மன்னவனூர் தாண்டி, பஸ்ஸில் வந்தாலும் பாதிப் பகல் போய்விடுகிற ஊர். அப்பா பூண்டு போடுகிறவர். பிள்ளையை இங்கே டவுனில் தன் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தார். பிள்ளைக்குப் பேச்சு கிடையாது. காலில் சக்கரம் கட்டின மாதிரி அறையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். சுற்றுவதை நிறுத்தினால் தன் மணிக்கட்டைக் கடிப்பாள். அந்த இடம் தோல் தடித்துக் கறுத்துக் கிடந்தது. கதவு கொஞ்சம் திறந்தால் போதும், கேட்டுக்கு ஓடிவிடுவாள். பனி இறங்கிவிட்டால் கேட்டுக்கு அப்பால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது. அவள் பின்னால் நானும் ஓடுவேன். என் முழங்காலுக்கு அந்த மாதம் போல ஒரு மாதம் வந்ததில்லை.

ஒருநாள் அந்த அத்தை, பிள்ளையை விட வந்தவள், கேட்டருகே நின்று என்னிடம் சொன்னாள்.

"சரஸ்வதி பூசை வரைக்கும் பாப்பாராம் அண்ணன். ஒரு மாத்தமும் இல்லேன்னா ஊருக்கே கூட்டிட்டுப் போயிருவேன்னுட்டாரு."

"ஊர்ல என்ன பண்ணுவாக?"

"என்ன பண்ணுவாக. அவரும் மதினியும் தோட்டத்துக்குப் போகணும்ல. உள்ள விட்டு வெளிய கொண்டி போட்டுட்டுப் போவாக. முன்னாடியும் அப்பிடித்தான். கதவுல நகத்தால கீறி வச்சிருக்கும்க்கா, நீங்க பாத்தீங்கன்னா…" என்றவள் பாதியில் நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலண்டரில் அந்தப் பூசை நாள் சிவப்பில் இருந்தது. அதைப் பார்க்காமல் என்னால் அந்த அறைக்குள் போக முடியவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் உடனே வேலையில் இறங்கினார். பிள்ளையின் பட்டையில் நிறைய அட்டை வேண்டாம் என்று முதலில் இரண்டே இரண்டு ஒட்டினார். ஒன்று வேலை, ஒன்று ஊஞ்சல். வேலைக் கூடையில் பூண்டு வைத்தார். பெரிய பூண்டு ஒரு டப்பாவுக்கு, சின்னப் பூண்டு ஒரு டப்பாவுக்கு. பூண்டு வாசனைக்குப் பிள்ளை நின்றாள். கையில் எடுத்தாள். முகர்ந்தாள். தப்பே இல்லாமல் பிரித்துப் போட்டுவிட்டு, எழுந்து போய் ஊஞ்சல் அட்டையைப் பிய்த்தாள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பேசிவிடுவேன் என்ற பயம்.

மாசக் கடைசியில் வந்த அப்பா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. "பூண்டு பிரிக்கத்தான் எங்க வீட்லயே மலையாக் கெடக்கே. அதுக்கா இம்புட்டு தூரம் கொண்டாந்து விட்டேன்?"

"பூண்டு இருக்கட்டும்ங்க. அது உக்காந்துச்சுல்ல" என்றார் டீச்சர்.

"உக்காந்துச்சு. இந்தா இப்ப சுத்துதே."

சுற்றத்தான் செய்தாள். ஆனால் முன்னே போலச் சுற்றவில்லை. சுற்றிவிட்டுச் சுவரிடம் வந்து நிற்பாள். பட்டையில் விரல் வைத்து மேலிருந்து கீழே தடவுவாள். அடுத்தது என்ன என்று பார்ப்பாள். கடைசி அட்டை வேன். அதைக் கண்டதும் தோள் கொஞ்சம் இறங்கும். கேட்டுக்கு ஓடுவது குறைந்து, ஆவணிக்குள் நின்றே போனது. வீட்டுக்குப் போவது வருகிறது என்று சுவரே சொல்லும்போது எதற்கு ஓடவேண்டும்?

பூசை வந்தது.

பள்ளிக்கூடத்தில் பூசை என்றால் லீவுக்கு முந்தின நாள் மத்தியானம். ஹாலில் சரஸ்வதி படம், வாழைக்கன்று, பொரி கடலை. ஒவ்வொரு வகுப்பும் தன் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கவேண்டும். சமையல்காரம்மா அரிவாள்மனையைக் கழுவி வைப்பாள். தையல் வகுப்பு மெஷினையே தூக்கி வரும். டிரைவர் வேனைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கோயிலுக்கு ஓட்டிப்போய் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வருவான். பூசையில் வைத்ததை மறுநாள் முழுக்கத் தொடக்கூடாது. அடுத்த நாள் எடுத்து ஒரு வரியாவது படிக்கவேண்டும். இந்த முறை மாறி நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சந்தனம் குழைக்கிற வேலை எப்போதும் என்னுடையது. வேறு யாரிடமும் விடமாட்டேன், தண்ணி விட்டுக் கெடுத்துவிடுவார்கள்.

"உங்க கிளாஸ் புக்ஸ் எங்க?" என்று கேட்டார் மேடம். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் அவர்தான்.

எங்கள் வகுப்பில் புத்தகம் ஏது? பிள்ளைகள் படிப்பது அந்த அட்டைகளைத்தானே. அதைத்தான் வைக்கவேண்டும் என்று மேடம் சொன்னார், எனக்கும் அது சரி என்றே பட்டது. டீச்சர் சுவரிலிருந்த பட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். தான் வேறு மதம், பூசைக்குத் தடை சொன்னதாக ஆகிவிடக்கூடாது என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அவர்கள் எடுத்துப்போன அட்டைகளையும் திரும்ப ஒட்டி, சுவரிலிருந்த பட்டைகளைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தோம். ஒவ்வொரு அட்டையிலும் நான் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். லட்சணமாகத்தான் இருந்தது. அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளை ஈரக் கையோடு வந்தாள். சுவரிடம் போனாள். ஆணி மட்டும் இருந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினாள். ஒன்றுமில்லை. மறுபடி தடவினாள். பிறகு சுற்ற ஆரம்பித்தாள். வந்த புதிதில் சுற்றின அதே வேகம். ஜன்னலுக்குப் போய்ப் பழுப்புக் காகிதத்துக்கு மேலே எக்கிப் பார்த்தாள். வேன் நிற்கிற இடம் காலி. மணிக்கட்டு வாய்க்குப் போனது.

அந்த நேரம்தான் கீழே ஜீப் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் பூவும் பேரிக்காய்ப் பையுமாக அப்பா ஏறி வந்தார். நான் கீழே எட்டிப் பார்த்தேன். ஜீப்பின் பின்சீட்டில் பிள்ளையின் துணிப்பை இருந்தது. அத்தை வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அத்தை சொன்ன கெடு அன்றைக்கு முடிந்தது.

நான் திரும்புவதற்குள் பிள்ளை அறையை விட்டு ஓடிவிட்டாள். கேட்டுக்கு இல்லை, ஹாலுக்கு. சந்தன வாசனையைப் பிடித்துக்கொண்டு போனாளோ என்னவோ. பூசை மேசையில் கிடந்த தன் பட்டையைக் கண்டாள். பாய்ந்து இழுத்தாள். பொரித் தட்டு கவிழ்ந்தது. விளக்கு ஆட, மேடம் அதைப் பிடித்துக்கொண்டு, "தொடாத, தொடாத, யாராவது புடிங்க" என்றார். யாரோ பிள்ளையின் கையிலிருந்து பட்டையைப் பிடுங்கித் திரும்ப வைத்தார்கள். அவள் தரையில் விழுந்து கத்தினாள். அந்தக் கத்தலை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா வந்து அவளைத் தூக்கப் பார்த்தார். அவர் கையைக் கடித்துவிட்டாள். ஊர்ப்பட்ட பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் செத்துப்போனது.

"பாத்தாச்சுங்க" என்றார் டீச்சரிடம். "சாமி முன்னாடி இந்தப் பாடு. போதும். நான் கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் பிள்ளையிடமிருந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, எங்கள் அறைச் சுவர் இருக்கிற பக்கம் கண்ணைக் காட்டினார்.

நான் மேசைக்குப் போனேன். பட்டையை எடுத்தேன்.

"அக்கா, பூசையில வச்சத எடுக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேடம்.

"எடுத்தாச்சுங்க" என்றேன்.

அந்தப் பேச்சு இன்னும் எங்களுக்குள் அப்படியே நிற்கிறது.

முந்தானையால் சந்தனத்தை வழித்துத் துடைத்து, பட்டையைச் சுவரில் மாட்டினேன். படங்கள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டன, ஆனால் தெரிந்தன. அவசரத்தில் வரிசை மாற்றிவிட்டேன் போல. டீச்சர் அழைத்துவர, விக்கிக்கொண்டே வந்த பிள்ளை அதைச் சரிசெய்தாள். தட்டு, குழாய் எல்லாம் அன்றைக்கு முடிந்தவை, அவற்றைப் பிய்த்து, முடிந்த அட்டைகளுக்கென்று சுவரோரம் இருந்த பெட்டியில் போட்டாள். மிச்சம் வேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். அழுகை நின்றுவிட்டது.

வேன் எங்கே? அது வாழைக்கன்று கட்டிக்கொண்டு கோயிலில் நிற்கிறது.

"வா பாப்பா, ஜீப்ல போவோம்" என்று அப்பா கையைப் பிடித்தார். அவள் வேன் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் இழுத்தாள். அவரும் இழுத்தார். மண்வெட்டி பிடித்த கை, இழுத்தால் அவள் என்ன செய்வாள்?

"இழுக்காதீங்க" என்றார் டீச்சர். "வேன் வராது, ஜீப்புனு அதுக்கு எப்பிடித் தெரியும்? காட்டுங்க."

"என்னத்தங்க காட்ட? கீழ நிக்கிற ஜீப்பத் தூக்கிட்டா வர முடியும்?" எரிச்சலில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டினார். "இந்தா, சாவி. ஜீப்பு சாவி. போதுமா?"

"போதும். அத அங்க மாட்டுங்க" என்று டீச்சர் ஆணியைக் காட்டினார்.

அவர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிண்டலா என்று யோசித்திருப்பார். பிறகு போய் மாட்டினார். டீச்சர் பிள்ளையின் கையிலிருந்த வேன் அட்டையை மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். அவள் சாவியைப் பார்த்தாள். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் நின்றதும் எடுத்தாள்.

யாரும் கூப்பிடாமல் படி இறங்கினாள். பனி நன்றாக இறங்கிவிட்டது, முன்னால் போகிற அவளே மங்கலாகத்தான் தெரிந்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். ஜீப்பருகே போய் நின்று, சாவியை எதோடு சேர்ப்பது என்று தேடினாள். கதவில் வைத்துப் பார்த்தாள். அப்பா கதவைத் திறந்து, உள்ளே சாவி போடுகிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். செருகினாள். ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்தாள்.

அவர் வெளியே வெறுங்கையோடு நின்றார். "எந்நாளும் நாலு பேரு சேந்துதாங்க ஏத்துவோம்" என்றார். அதை எங்களிடம்தான் சொன்னாரா, தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிக் கொண்டுவருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்சீட்டில் துணிப்பை போனது.

அந்த லீவு எனக்கு லீவாக இல்லை. துலக்கின பாத்திரத்தையே துலக்கினேன். மார்க்கெட்டுக்குப் போனால் போளூர்ப் பக்கத்து வண்டி ஏதாவது மூட்டை இறக்குகிறதா என்று பார்த்தேன். இறக்கினவர்களிடம் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. கேட்டு என்ன? கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறார்களா என்றா கேட்பது?

பள்ளி திறந்த அன்று வெள்ளனே போய்க் கேட்டில் நின்றேன். வேன் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கின. அவள் இல்லை.

"ஏலே, போளூர்ப் புள்ள எங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"அத்தை வீடு பூட்டிக் கெடக்குக்கா. ஆரன் அடிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நல்லா அடிச்சியா?"

"ஏரித்தண்ணி கலங்குற அளவுக்கு அடிச்சேன். எறங்கிப் போயித் தூக்கிட்டா வர முடியும்?"

அறைக்குப் போனேன். டீச்சர் அவள் பட்டையில் அன்றைய அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். "வரலையே" என்றேன். "ஒட்டி வைப்போம்க்கா" என்றார். மற்றப் பிள்ளைகளின் கூடைகளை எடுத்து வைத்தேன், வைத்ததையே திருப்பி வைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, "உக்காருங்கக்கா" என்றார். நான் உட்காரவில்லை.

டீ நேரம் முடிந்த பிறகு ஜீப் சத்தம். எனக்கு முன்னால் டீச்சர் ஓடிவிட்டார்.

பிள்ளை இறங்கினாள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. பின்னால் அப்பா. மலைக்காரர்கள் போடுகிற கம்பளிக் குல்லா, தூங்காத கண்.

"லேட்டாயிருச்சுங்க. தங்கச்சியும் எங்ககூடத்தான் ஊருக்கு வந்துச்சு, இப்பத்தான் எறக்கிவிட்டு வாரோம்" என்றவர், மூச்சு விடாமல் தொடர்ந்தார். "இங்க சாவி மாட்டுன மாதிரியே சோத்துக்குத் தட்ட வச்சேன், எடுத்துட்டு அடுப்படிக்கு வந்துச்சு. தோட்டத்துக்குக் களைக்கொத்த வச்சேன், எடுத்துட்டு எங்க பின்னாடியே வந்துருச்சு. கொண்டி போடலைங்க. ஆனா படுக்கப் பாய வச்சா, பாயக் கக்கத்துல இடுக்கிட்டு ஜீப்புல போயி ஏறிக்கிருது. எறங்க மாட்டேங்குது. நானும் ஜீப்புலயேதான் படுத்தேன். இடுப்பு போச்சு. பாய்க்கு அப்பறம் என்ன வைக்கணும், அதச் சொல்லுங்க மொதல்ல."

டீச்சர் சிரித்துவிட்டார். காலையில் எழுந்ததும் என்ன செய்வாளோ அதை வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பாய் கடைசி என்றால், அதற்குப் பிறகு நாளே இல்லை என்று பிள்ளை பயப்படுமாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அதற்குள் பிள்ளை சுவரிடம் போய் முதல் அட்டையைப் பிய்த்திருந்தாள்.

"தீவாளிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். லீவு முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? அதுக்குச் சொல்லுங்க."

எதைக் காட்டிச் சொல்வது என்று அவர் சட்டைப் பையைத் தடவினார். சாவியைக் கொடுத்தால் அவர் ஊர் போய்ச் சேர முடியாது. துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தோளில் போட்டார். கடைசியில் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி, அவளுடைய பட்டையின் அடியில், எல்லா அட்டைகளுக்கும் கீழே, ஒரு ஊக்கால் குத்தி வைத்தார். அவள் வந்து அதை முகர்ந்து பார்த்தாள். பிறகு வேலைக்குப் போனாள். அவர் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு அந்தக் குளிரில் படி இறங்கினார்.

தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. தினமும் காலையில் அந்தக் குல்லாவை நான் அடியில் குத்தி வைக்கிறேன். மத்தியானத்துக்குள் அவள் அதைக் கழற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுகிறாள். நான் மறுபடி கீழே இறக்குகிறேன். ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன்: "அப்பறம்." அவள் என் கையைப் பார்க்கிறாள், குல்லாவைப் பார்க்கிறாள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி மேலே வைக்கிறாள்.